ரோட்டவேட்டர்: டிராக்டரில் பூட்டுவது முதல் கழற்றி வைப்பது வரை

டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்துகிற கருவி ரோட்டவேட்டர். டிராக்டரின் பின்பக்கத்துக்கும் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது கைக்கெட்டும் தூரம்தான். ரோட்டவேட்டரால் வரும் செலவும் ஆபத்தும் நான் பார்த்த வரை பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் வருகின்றன. கிராஸ் (ஷாஃப்டின் மடங்கும் மூட்டு) உடைவது, கியர்பாக்ஸ் பேரிங் போவது, பிடிஓ (இன்ஜின் சுழற்சியை டிராக்டரின் பின்னால் வெளியே கொடுக்கும் தண்டு) சீல் ஒழுகுவது, வேட்டி சுற்றிக்கொண்டு ஆளையே இழுத்துவிடுவது எல்லாம் அங்கே ஓடுகிற ஷாஃப்டோடு சம்பந்தப்பட்டவை. அதனால் கத்தி, சேறு, பராமரிப்பு எல்லாம் வந்தாலும் ஷாஃப்டுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

புது ரோட்டவேட்டர் வாங்கியவர்கள், பழையது வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் மூன்று பேருக்கும் இது பொருந்தும். உங்கள் மெஷினோடு வந்த கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது

கொக்கிக் கலப்பையை டிராக்டர் இழுக்கிறது. ரோட்டவேட்டரை டிராக்டர் சுழற்றுகிறது. வித்தியாசம் இதுதான், மற்ற எல்லா விஷயமும் இதிலிருந்துதான் வருகிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்காண்ட்ரா என்ற ஊர்ப்பக்கம், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912-ல் தன் அப்பாவின் பண்ணையில் இதைச் செய்து பார்க்க ஆரம்பித்தார். டிராக்டர் இன்ஜினின் சுழற்சியை எடுத்து மண்ணைக் கொத்த வைத்தால் மண் இறுகாமல் உழலாம் என்பது அவர் யோசனை. முதலில் மண் பக்கவாட்டில் தெறித்தது. சிறிய விட்டமுள்ள தண்டில் இடைவெளி விட்டு ஃபிளாஞ்சுகளை (வட்டத் தகடுகளை) வைத்து, அவற்றில் எல் வடிவக் கத்திகளை மாட்டியபோது அந்தச் சிக்கல் தீர்ந்தது. 1920-ல் காப்புரிமை வாங்கினார். இன்று நம் ஊர்ப் பட்டறை வாசலில் நிற்கிற ரோட்டவேட்டரைக் குனிந்து பார்த்தாலும் அதே அமைப்புதான் தெரியும்.

டிராக்டரின் பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அது ஷாஃப்ட் வழியாக ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸுக்குப் போகிறது. கியர்பாக்ஸ் அந்தச் சுழற்சியைக் குறுக்கே திருப்பி, பக்கத்தில் இருக்கும் கியர் அல்லது செயினுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து கத்தித் தண்டுக்கு வரும்போது வேகம் நிமிடத்துக்கு 200 சுற்றை ஒட்டி இறங்கியிருக்கும்.

கத்தித் தண்டு டிராக்டர் சக்கரம் சுற்றுகிற திசையிலேயே சுற்றுகிறது. அதனால் கத்தி மண்ணைக் கடிக்கும்போதெல்லாம் டிராக்டரை முன்னால் தள்ளும். இறுகிய தரையில் ரோட்டவேட்டர் துள்ளுவதும், பிரேக் பிடித்தும் வண்டி கொஞ்சம் முன்னேறுவதும் இதனால்தான். சரிவான நிலத்தில் இறக்கத்தை நோக்கி ஓட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டிராக்டருக்கு எந்த அளவு

35 முதல் 45 ஹெச்பி வரை 5 அடி, 45-50 ஹெச்பி வந்தால் 6 அடி, 55-க்கு மேல் 7 அடி என்பது பொதுவான கணக்கு. கரிசல் மாதிரி கனத்த மண்ணாக இருந்தால் ஒரு படி குறைத்தே வாங்குங்கள். பெரிய ரோட்டவேட்டரைச் சின்ன டிராக்டரில் மாட்டினால் இன்ஜின் திணறும், பிடிஓ வேகம் விழும், கட்டி உடையாது, டீசல்தான் போகும்.

இன்னொரு அளவையும் பாருங்கள். பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். ரோட்டவேட்டர் அதைவிடக் குறுகலாக இருந்தால் டயர் மிதித்த தடம் உழாமல் நிற்கும். அப்படியானால் டிராக்டரோடு இணைகிற மேல்சட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டி, ஒரு டயர் தடத்தையாவது கத்தி மூடும்படி வைக்க வேண்டும். மறு பக்கத் தடத்தை அடுத்த சால் மூடிவிடும்.

டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டக் கீழே இரண்டு கைகளும், மேலே நடுவில் டாப் லிங்க் என்ற கையும் இருக்கும். அவற்றில் மாட்டுகிற பின்களும் பொருந்த வேண்டும். முதல் வகை (கேட்டகரி 1) கொக்கியில் கீழ்க்கைப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. இரண்டாம் வகையில் 28 மி.மீ., 25 மி.மீ. பெரிய ஓட்டையில் சின்னப் பின்னைப் போட்டு ஓட்டுகிற வழக்கம் நிறைய இருக்கிறது. அது ஆடி ஆடி ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிடும். கடையில் புஷ் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள்.

புது மெஷின் வந்ததும்

பெரும்பாலும் மேல்சட்டம், சறுக்குத் தகடுகள், பின்பலகை, சில நேரம் கத்திகளும் தனித்தனியாக வரும். சமதளமான, கெட்டியான தரையில் வைத்துப் பூட்டுங்கள். சட்டத்தைத் தூக்க வேண்டியிருந்தால் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் கை விடக் கூடாது. ஹைட்ராலிக் தூக்கி வைத்திருக்கிறது என்பது முட்டுக் கொடுத்ததாக ஆகாது. ஒரு சீல் போனாலும், யாராவது லீவரைத் தட்டினாலும் அந்த எடை முழுதும் இறங்கிவிடும்.

முதலில் ஆயில். கியர்பாக்ஸிலும் பக்கப் பெட்டியிலும் ஆயில் இல்லாமலே மெஷின் வருவது உண்டு. "ஊத்தியாச்சுங்க" என்று யார் சொன்னாலும் லெவல் போல்ட்டைக் கழற்றி உங்கள் கண்ணால் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு 90 கிரேடு கியர் ஆயில். கத்தித் தண்டின் பேரிங் பக்கம் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா, ஆயில் மூடி இருக்கிறதா என்று பார்த்து நிரப்புங்கள்.

அப்புறம் கத்தி. ஒரு ஃபிளாஞ்சில் ஆறு கத்திகள் வரும், மூன்று இடம் பார்த்தும் மூன்று வலம் பார்த்தும் மாறி மாறி இருக்கும். இரண்டு ஓரத்து ஃபிளாஞ்சுகளில் மட்டும் எல்லாக் கத்திகளும் உள்பக்கம் பார்த்திருக்கும். கத்திகள் தண்டைச் சுற்றித் திருகுப் படிக்கட்டு போல ஏறிப் போகும்படி அமைந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று கடித்து முடிக்கும்போது அடுத்தது இறங்கும், எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணை அடிக்காது. இந்த வரிசை குலைந்தால் மெஷின் அதிரும். அதனால் பழைய கத்தியை மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றிக் குவிக்காதீர்கள். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் அதே பக்கக் கத்தியை மாட்டி, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

கூர் விளிம்பு மண்ணை முதலில் தொட வேண்டும். தலைகீழாக மாட்டிய கத்தி வெட்டாமல் முதுகால் அடிக்கும். எல்லா நட்டையும் முறுக்கிய பிறகு, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள். புது பெயிண்ட் தேய்ந்ததும் நட்டு தளரும்.

எல் கத்தி களையும் பயிர்த் தாளும் உள்ள புழுதி நிலத்துக்குப் பொதுவாகப் போதும். சி வடிவக் கத்தி கெட்டி மண்ணுக்கும் ஈரக் களிமண்ணுக்கும் எடுக்கிறார்கள், அதில் மண் ஒட்டுவது குறைவு. நெல்லும் புஞ்சையும் மாறி மாறிச் செய்பவர்கள் எல் கத்தியோடு ஆரம்பிப்பது நல்லது.

டிராக்டரில் பூட்டுவது

லீவர் விஷயம் முதலில். ஹைட்ராலிக்கில் இரண்டு லீவர் இருக்கும். ரோட்டவேட்டருக்குப் பொசிஷன் கண்ட்ரோல் லீவர்தான். டிராஃப்ட் கண்ட்ரோல் என்பது மண் இழுக்கிற பாரத்தைப் பார்த்துக் கலப்பையைத் தானாக ஏற்றி இறக்குவது. இழுபாரமே இல்லாத ரோட்டவேட்டரில் அதற்கு வேலை இல்லை.

1. டிராக்டரை நேராகப் பின்னால் எடுங்கள். கீழ்க் கைகள் ரோட்டவேட்டர் பின்களுக்கு நேராக வரும் வரை மெதுவாக வாருங்கள். நடுவில் ஆள் நின்று "வா, வா" என்று சொல்லக் கூடாது. வழி காட்டுகிறவர் பக்கவாட்டில், டிரைவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கட்டும்.

2. இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

3. இடது கீழ்க்கையை முதலில் மாட்டி, அது கழலாமல் பூட்டும் லின்ச் பின் போடுங்கள். பெரும்பாலான டிராக்டரில் இடது கை நீளம் மாறாதது. வலது பக்கத்தில்தான் கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கலாம். அதனால் இடது, பிறகு வலது, கடைசியாக டாப் லிங்க். கழற்றும்போது இதற்குத் தலைகீழ் வரிசை.

4. பக்கச் சங்கிலிகளை இறுக்குங்கள். இரண்டு விரல் அளவு ஆட்டம் இருந்தால் போதும். தளர்ந்த சங்கிலியோடு தூக்கினால் ரோட்டவேட்டர் ஊஞ்சலாடி டயரில் உரசும்.

5. வலது கைப்பிடியைச் சுற்றி இடமும் வலமும் சமமாக்குங்கள். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் மேலோட்டமாகவும் உழும்.

6. டாப் லிங்க் நீளத்தை மாற்றி, வேலை செய்யும் உயரத்தில் கியர்பாக்ஸின் முன் தண்டு டிராக்டரின் பிடிஓ தண்டுக்கு இணையாக வரும்படி வையுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

தூக்கிப் பார்க்கும்போது முன் சக்கரம் லேசாகிறதா என்று கவனியுங்கள். ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் முன்னால் எடைக்கட்டைகள் போட்டே ஆக வேண்டும்.

ஷாஃப்ட்

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நகர்கிற ஷாஃப்ட் இது. இரு முனையிலும் கிராஸ் ஜாயிண்ட் இருக்கும். டிராக்டர் பக்கம் 6 பல் கொண்ட 35 மி.மீ. தண்டில் ஏறி, பூட்டுப்பின் "டக்" என்று விழும். விழுந்ததா என்று கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சரியாக விழாத பின் ஓட்டத்தில் கழன்றால், ஒரு முனை தளர்ந்த ஷாஃப்ட் சுழன்றுகொண்டே சுற்றியுள்ளதையெல்லாம் அடிக்கும்.

புது ஷாஃப்டை அப்படியே மாட்டிவிடாதீர்கள். எல்லா டிராக்டருக்கும் பொருந்தட்டும் என்று அது பெரும்பாலும் நீளமாகவே வரும். நீளம் கூடினால், ரோட்டவேட்டரைத் தூக்கி இறக்கும்போது உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் போய் முட்டும். அதற்கு மேல் போக இடமில்லாததால் ஒரு பக்கம் பிடிஓ பேரிங்கையும் மறுபக்கம் கியர்பாக்ஸ் பேரிங்கையும் குத்தும். இரண்டே நாளில் சீல் ஒழுக ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அளக்கிற முறை இது. ரோட்டவேட்டரை டிராக்டரில் மாட்டி, கியர்பாக்ஸ் தண்டும் பிடிஓ தண்டும் ஒரே உயரத்தில் வரும்படி நிறுத்துங்கள். இரண்டுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவாக இருக்கும் நிலை அதுதான். அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, இன்ஜினை நிறுத்துங்கள். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை ரோட்டவேட்டரிலும் மாட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். ஒரு பாதியின் முனை எதிர்ப் பாதியின் கிராஸ் பக்கத்தைத் தொடாமல் இரண்டு முனையிலும் 4 செ.மீ. அளவு இடைவெளி இருக்க வேண்டும். கூடுதலாக இருப்பதைச் சாக்பீஸால் குறியுங்கள்.

வெட்டும்போது உள்குழாய், வெளிக்குழாய் இரண்டிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் மூடிக் குழாய்களையும் அதே அளவு குறைக்க வேண்டும். வெட்டிய வாயை அரத்தால் ராவி, பிசிறு இல்லாமல் துடைத்து, கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். அப்புறம் ரோட்டவேட்டரை முழுக்க இறக்கியும் தூக்கியும் பார்த்து, ஷாஃப்ட் அதிகமாக நீளும் நிலையிலும் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் அந்த ஷாஃப்ட் உங்கள் டிராக்டருக்குக் குட்டை. ஒட்டுப்போட்டு வெல்டிங் வைக்காமல் வேறு வாங்குங்கள்.

இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது இரு முனைக் கவைகளும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டை வடிவத் துண்டுகள்) ஒரே வாக்கில் இருக்க வேண்டும். கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். இரண்டாவது கிராஸ் அதை எதிர்த்திசையில் சமன் செய்துவிடும். அப்படிச் சமன் செய்ய இரண்டு விஷயம் வேண்டும். கவைகள் ஒரே வாக்கில் இருக்க வேண்டும், இரு முனைக் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். டாப் லிங்க்கை வைத்து இரு தண்டுகளையும் இணையாக்கச் சொன்னது இதற்காகத்தான். இது தவறினால் கடகடவென்ற சத்தமும் அதிர்வும் வரும். கிராஸ் சூடாகும், ஊசிப் பேரிங் பொடியாகும்.

ஷாஃப்டில் ஷியர் போல்ட் இருக்கும், அல்லது பாரம் கூடினால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் இருக்கும். கல்லோ வேரோ மாட்டினால் முதலில் உடைய வேண்டியது அந்த போல்ட்தான். அது உடைந்ததும் கைக்குக் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டு ஓட்டுகிறார்கள். அடுத்த கல்லில் போல்ட் நிற்கும், கியர் பல் போகும். அதே கிரேடு போல்ட் நாலைந்தை டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள்

ஷாஃப்டைச் சுற்றி பிளாஸ்டிக் குழாய் மூடி இருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது அது சுற்றாமல் நிற்க இரண்டு பக்கமும் சின்னச் சங்கிலி இருக்கும். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற டிராக்டர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. கவையின் விட்டம் 10 செ.மீ. என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. துணியை இழுக்கும். விநாடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். நாலு முழ வேட்டியை முழுசாகச் சுற்றிக்கொள்ள அதற்கு ஒரு விநாடிகூட வேண்டாம். கையை நீட்டி கிளட்சை மிதிக்கச் சொல்லிக் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் தொங்கும் துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா, கட்டாத கூந்தல், கழுத்தில் கயிறு எதுவும் இந்த ஷாஃப்டின் பக்கத்தில் போகக் கூடாது. பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு ஓட்டுங்கள். விதை கொடுக்க, தண்ணீர் கொடுக்க வருகிற வீட்டுப் பெண்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்: டிராக்டர் ஓடும்போது முன்பக்கமாக, டிரைவர் பார்க்கிற மாதிரி வர வேண்டும், பின்பக்கம் வரவே கூடாது.

ஓடுகிற ஷாஃப்டைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. சுற்றி நடந்து போங்கள். மூடி உடைந்துபோனால் புது மூடி வாங்குகிற செலவு ஒரு நாள் டீசல் செலவுக்குள் அடங்கும். டிராக்டர் பக்கத்தில் பிடிஓ தண்டின் மேல் வருகிற தகட்டு மூடியும் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கிறவர்கள், அது தனியார் டிராக்டரோ வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரோ, மணிக்கணக்கு பேசும்போதே ஷாஃப்டில் மூடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உங்கள் நிலத்தில் நடக்கப் போகிற வேலை, கேட்பதில் தப்பே இல்லை.

வயலை நடந்து பார்ப்பது

உழுவதற்கு முன் வயலை ஒரு சுற்று நடந்து வாருங்கள். பழைய எல்லைக் கல், மரக்கட்டை, வேலிக் கம்பி, சொட்டு நீர்க் குழாய், பிளாஸ்டிக் கயிறு, உடைந்த பாட்டில் எல்லாம் கத்தித் தண்டுக்கு எதிரி. கம்பியும் குழாயும் தண்டில் சுற்றிப் பேரிங் சீலை அறுத்துவிடும். தென்னந்தோப்பில் மட்டையைப் பொறுக்கிவிட்டு இறங்குங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு பல தோட்டங்களில் இருக்கிறது. கிணற்று ஓரத்தில் குறைந்தது ஒரு டிராக்டர் நீளம் விட்டு உழுங்கள். மழை பெய்த மண்ணில் இன்னும் தள்ளி நில்லுங்கள். மீதி இடத்தைக் கையால் கொத்திக்கொள்ளலாம்.

மண் பதம் பார்க்க, நாலைந்து அங்குலம் தோண்டி ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். உருண்டையே பிடிக்க முடியாவிட்டால் மண் காய்ந்திருக்கிறது, கத்தி தேயும், மெஷின் துள்ளும். விழுந்தும் உதிராமல் அப்பிக் கிடந்தால் ஈரம் அதிகம். இப்போது ஓட்டினால் காய்ந்த பிறகு கட்டி கட்டியாக நிற்கும்.

ஓட்டுவது

ரோட்டவேட்டரைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிய நிலையில், இன்ஜின் மெதுவாக ஓடும்போது பிடிஓவைச் சேருங்கள். கத்தி மண்ணில் பதிந்திருக்கும்போது சேர்த்தால் முதல் அடியிலேயே போல்ட் உடையும். கத்தி சுற்ற ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக ஏற்றி, மீட்டரில் பிடிஓ குறி இருக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் வண்டியை நகர்த்திக்கொண்டே மெதுவாக இறக்குங்கள்.

வேகம் மணிக்கு 3 முதல் 5 கி.மீ. லோ கியரில் இரண்டு அல்லது மூன்று. மண் எவ்வளவு பொடியாக வேண்டும் என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது. வண்டி மெதுவாகப் போனால் பொடியாகும், வேகமாகப் போனால் சிறு கட்டியாக நிற்கும். பின்பலகையை இறக்கினால் கட்டி அதில் மோதி உடையும், தூக்கினால் அப்படியே விழும். சறுக்குத் தகட்டின் உயரம் ஆழத்தை வைக்கும், 4 முதல் 6 அங்குலம் போதும்.

வண்டி நகர்ந்த பத்து அடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கிப் பாருங்கள். இடமும் வலமும் ஒரே ஆழமா? கம்பியால் குத்திப் பாருங்கள். இந்த இரண்டு நிமிடம் செலவழித்தால் நாள் முழுக்கச் சரியாக ஓடும்.

மண்ணை மாவாக அரைப்பதுதான் நல்ல உழவு என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அளவுக்கு மீறிப் பொடித்த மண் ஒரு மழைக்கே மேலே ஓடுபோல இறுகி, முளையை வெளியே விடாது. நிலக்கடலைக்கும் காய்கறி நாற்றுக்கும் கொஞ்சம் பொடி வேண்டும். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் நெல்லிக்காய் அளவு கட்டி இருந்தாலே போதும், ஒரே சாலோடு நிறுத்துங்கள்.

கோரையும் அருகும் அடர்ந்த வயலில் ரோட்டவேட்டர் விடுவது களையைப் பயிர் செய்வதற்குச் சமம். கிழங்கும் தண்டும் துண்டு துண்டாகி வயல் முழுக்கப் பரவும், ஒவ்வொரு துண்டும் முளைக்கும். அங்கே கொக்கிக் கலப்பை போட்டு வேரோடு மேலே இழுத்து, கோடை வெயிலில் காயவிட்டு, பொறுக்கிய பிறகு மற்றதைப் பாருங்கள்.

வருடா வருடம் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டினால் கத்தி எட்டுகிற ஆழத்துக்குக் கீழே மண் தட்டாகக் கெட்டிப்படும். வேரும் மழைத் தண்ணீரும் அதற்குக் கீழே போகாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, மண் காய்ந்திருக்கும் காலத்தில், உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் போட்டு அந்தத் தட்டை உடைக்க வேண்டும்.

வரப்போரம் திரும்பும்போது முதலில் தூக்குங்கள், பிறகு ஸ்டியரிங்கை ஒடியுங்கள். கத்தி மண்ணில் இருக்கும்போது திருப்பினால் பக்கத் தகடும் தண்டும் வளையும். திரும்புவதற்கு ஓர் அடி தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் கிராஸின் கோணம் கூடிக் கடகடக்கும், அப்போது பிடிஓவை நிறுத்தியே ஆக வேண்டும். லிஃப்ட் லீவரில் மேல் எல்லைக்கு ஒரு தடுப்பு வைக்க இடம் இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் எடுக்கும்போது கத்தியைத் தூக்கி, பிடிஓவையும் நிறுத்துங்கள். பின்னால் ஒரு ஆள் தடுக்கி விழுந்திருந்தால், சுற்றுகிற கத்தி அவர் மேல் ஏறும். குழந்தைகள் இருக்கும் தோட்டத்தில் இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. டிராக்டரில் டிரைவரைத் தவிர யாரும் ஏறக் கூடாது. மட்கார்டில் உட்கார்ந்து போகிறவர் சறுக்கினால் அவர் விழுகிற இடம் டயருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில்தான். "ஒரு ரவுண்டு ஏறிக்கிறேன்" என்று பேரப்பிள்ளை கேட்டாலும் இல்லை என்றே சொல்லுங்கள்.

தண்டில் புல்லோ கயிறோ சுற்றிக்கொண்டால் பிடிஓவை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு, கத்தி முழுக்க நின்ற பிறகு, முட்டுக் கட்டை வைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும். ஒருவர் சீட்டில் இருக்க இன்னொருவர் அடியில் கை விடுவது கூடவே கூடாது.

சேற்று வயலில்

தொளி அடிக்கும்போது (நெல் நடவுக்குச் சேறாக்கும்போது) கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவார்கள். வண்டி புதைந்தால் அவசரப்பட்டு முன்னால் எகிறவிடாதீர்கள். சக்கரம் சேற்றில் பிடித்து நின்று இன்ஜின் முறுக்கினால், அச்சைச் சுற்றி டிராக்டரே முன்புறம் தூக்கிப் பின்னால் கவிழும். அது இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும், குதிக்க நேரம் இருக்காது. சக்கரத்துக்கு முன்னால் கட்டை கட்டி ஓட்டுவது இதே ஆபத்தைத் தானே வரவழைப்பதுதான். ரோட்டவேட்டரை நிறுத்தித் தூக்கி, பின்பக்கமாக எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள்.

சேற்று வேலை முடிந்த அன்றே கழுவி, பக்கப் பெட்டியின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சீலை மாற்றி, ஆயிலையும் மாற்றாமல் மறுநாள் ஓட்டாதீர்கள்.

ரோட்டில் போகும்போது

பிடிஓ நிறுத்தம். ரோட்டவேட்டர் தூக்கி, லிஃப்ட் லாக். இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கும் கொக்கியைப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு பெடலை மிதித்தாலே வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். ரோட்டவேட்டர் டிராக்டரைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் பின்னால் இரு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். முடிந்தவரை இருட்டும் முன் வீடு போய்ச் சேருங்கள்.

யாராவது மாட்டிக்கொண்டால்

முதல் வேலை இன்ஜினை நிறுத்துவது. ரிவர்ஸ் எடுப்பதோ பிடிஓவை மறுபடி சேர்த்துச் சுற்றி விடுவதோ கூடாது. 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். துணியைக் கைக்கத்தியால் அறுத்து விடுவியுங்கள். கையோ காலோ சிக்கியிருந்தால் இழுக்காமல், ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பிடிஓ லீவர் நியூட்ரலில் இருந்தால் தண்டைக் கையால் பின்னோக்கித் திருப்பலாம். அதையும் ஷாஃப்ட் போல்ட்டைக் கழற்றத் தெரிந்தவர் அருகில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். தோட்டத்துக்கு வரும் வழியை ரோட்டிலிருந்து காட்ட ஒரு ஆளை அனுப்புங்கள்.

வேலை முடிந்த பிறகு

ஷாஃப்டின் கிராஸ்களுக்கும் நகரும் குழாய்க்கும் தினமும் கிரீஸ். கியர்பாக்ஸ் ஆயில் மட்டத்தை வாரம் ஒரு தடவை பாருங்கள். புது மெஷினில் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்ந்த இரும்புத் துகள் அதில் இருக்கும். கத்தி தேய்ந்து அகலம் குறைந்தால் மாற்றுங்கள். செம்மண்ணிலும் சரளையிலும் சீக்கிரம் தேயும். ஒரு பக்கம் மட்டும் புதுக் கத்தி போட்டால் தண்டு சமன் இழந்து அதிரும், அதனால் செட்டாக மாற்றுவது நல்லது.

கழற்றும்போது கெட்டியான தரையில் தாங்கு கால் இறக்கி, ரோட்டவேட்டர் முழுக்க உட்கார்ந்த பிறகு ஷாஃப்டைக் கழற்றுங்கள். அப்புறம் டாப் லிங்க், வலது கை, இடது கை. சீசன் முடிந்தால் நன்றாகக் கழுவி, கத்திகளில் பழைய ஆயில் தடவி, கூரைக்குக் கீழே பலகை மேல் வையுங்கள். ஷாஃப்டைத் தரையில் போடாமல் கொக்கியில் மாட்டுங்கள். பிடிஓ தண்டுக்கு அதன் தொப்பி மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.